மளிகையை ஆஃபர் பார்த்து வாங்கி நிஜமாகவே மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறீர்களா?

திருச்சி_மாடிவீடு

வீட்டில் நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். பால், காய்கறி சேர்க்காமல் மாத மளிகை மட்டுமே கண்ணைக் கட்டுகிறது. ஒன்றாம் தேதி பிறந்தால் பேப்பருக்குள் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ் வந்து விழுகிறது, போனில் இருக்கும் ஆப் எல்லாம் '50% வரை' என்று மணியடிக்கின்றன. என் வீட்டுக்காரருக்கு அதில் பெரிய நம்பிக்கை, ஆஃபர் வரும்போது மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டால் பிறகு கவலை இல்லை என்பார். பில்லின் அடியிலும் 'இன்று நீங்கள் சேமித்தது' என்று ஆயிரத்துச் சொச்சம் அச்சாகி வருகிறது. சேமித்த அந்த ஆயிரம் மாதக் கடைசியில் எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எதை ஆஃபரில் வாங்குகிறீர்கள், எதைத் தொடுவதே இல்லை? கணக்கு வைத்துப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். ஆடம்பரத்தைக் குறை என்ற உபதேசம் மட்டும் வேண்டாம், அது மாமியாரிடமிருந்து தினமும் இலவசமாகவே கிடைக்கிறது.

பில்_பார்ப்பவன்

'சேமித்தது' என்று பில்லில் வருவது எம்ஆர்பிக்கும் அவர்கள் போட்ட விலைக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். எம்ஆர்பி என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை. அதை எவ்வளவு என்று அச்சடிப்பது கம்பெனி இஷ்டம், அரசாங்கம் நிர்ணயிப்பது இல்லை. அதனால் பருப்பு, முந்திரி, தேன், மசாலாப் பொடி, துணி துவைக்கும் லிக்விட் மாதிரிச் சாமான்களில் எம்ஆர்பியை நன்றாக ஏற்றிப் போட்டுவிட்டு, பெரிதாகக் குறைத்துத் தருவதாகக் காட்ட முடிகிறது.

உதாரணத்துக்குத் துவரம் பருப்பு கவரில் எம்ஆர்பி 210, ஆஃபர் விலை 145 என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் 65 ரூபாய் மிச்சம் என்று சொல்லும். தெருமுனைக் கடையில் அதே தரம் சில்லறையாக 140 என்றால் உங்கள் கையிலிருந்து 5 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. அந்த ஆயிரத்தைத் தேடாதீர்கள், அது எப்போதும் உங்கள் கையில் இருந்த காசே இல்லை.

நான் செய்வது ரொம்பச் சாதாரணம். எந்த மாதமும் தவறாமல் வாங்கும் சாமான் எந்த வீட்டிலும் இருபது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. பொன்னி, துவரை, உளுந்து, கடலை எண்ணெய், சர்க்கரை, காப்பித்தூள், சோப்பு, பேஸ்ட் இப்படி. ஒவ்வொன்றுக்கும் சமீபத்தில் எந்தக் கடையில் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று கிலோ கணக்கில் போனில் குறித்து வைத்திருக்கிறேன். ஆஃபர் விலை அதற்கும் கீழே இருந்தால்தான் ஆஃபர். எம்ஆர்பி பக்கம் கண்ணைக்கூடத் திருப்புவதில்லை.

லால்குடி_அத்தை

அப்படிக் குறித்து வைத்தால் கடைக்காரனோடு சண்டைதான் வரும் தம்பி :) ஆனால் சொன்னது சரி.

ஈரோட்டுக்காரன்

கிலோ கணக்குப் போட யாரும் கால்குலேட்டர் தேட வேண்டாம். பாக்கெட் பின்னால் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் யு.எஸ்.பி. (யூனிட் சேல் பிரைஸ், அதாவது ஓர் அலகின் விலை) என்று போட்டு கிராமுக்கு இத்தனை பைசா, மில்லிக்கு இத்தனை பைசா என்று அச்சடித்திருப்பார்கள். கம்பெனிகள் அதைப் போட்டாக வேண்டும் என்று சில வருடங்களாகவே விதி இருக்கிறது. கண்ணாடி போடாமல் படிக்க முடியாத அளவில் போடுகிறார்கள், அது வேறு கதை. ஒன்று, அதுவும் எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்குதான், கடை விலையை வைத்து அல்ல. இருந்தாலும் ஒரே பிராண்டில் 500 கிராம் நல்லதா 1 கிலோ நல்லதா என்று பார்க்கப் போதும்.

அப்புறம் எண்ணெய். முன்பு எண்ணெயை இந்த இந்த அளவில்தான் அடைக்கலாம் என்று கட்டுப்பாடு இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பார்ப்பதற்கு லிட்டர் கவர் மாதிரியே இருக்கும், எடுத்துப் படித்தால் 850 மில்லி, 800 மில்லி. சில கவரில் கிராம் மட்டும் பெரிதாகத் தெரியும். 1 லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். லிட்டர் 165 ரூபாய்க்குக் கிடைக்கும்போது '145க்கு ஆஃபர்' என்று 850 மில்லி கவரை எடுத்து வந்தால் லிட்டர் 170க்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

திருச்சி_மாடிவீடு

எங்கள் வீட்டு எண்ணெய் கவரை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 870 கிராம். இவ்வளவு நாளும் லிட்டர் என்றே நம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டேன், பதில் இல்லை.

அண்ணாச்சிகடை_பையன்

எங்கள் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மளிகைக் கடை வைத்திருக்கிறார், நானும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

பெரிய கடைகள் சர்க்கரை, வெங்காயம், எண்ணெய் மூன்றையும் கொள்முதல் விலைக்கோ அதற்கும் கீழோ போடும். அவற்றின் விலைதான் எல்லோருக்கும் மனப்பாடம். சர்க்கரை விலை சொல்லச் சொன்னால் யாரும் சொல்லிவிடுவார்கள், கசகசா விலையோ தரை துடைக்கும் லிக்விட் விலையோ கேட்டால் தெரியாது. தெரிந்த விலையில் விட்டுக்கொடுத்துத் தெரியாத விலையில் எடுத்துக்கொள்வதுதான் வியாபாரம். சர்க்கரை ஏன் எப்போதும் கடைசி வரிசையில் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதை எடுக்கப் போகும் வழியில் பிஸ்கட், பாத்திரம், பிள்ளைகள் உயரத்தில் சாக்லேட் என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். '999க்கு மேல் வாங்கினால் 1 கிலோ சர்க்கரை 9 ரூபாய்' என்பதும் இதே ஜாதிதான். 840க்கு வாங்கியவர் மீதி 160க்குத் தேவையில்லாத எதையோ எடுத்துப் போட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போவார்.

மாத முதல் வாரத்தில்தான் ஆஃபர் ஏன் வருகிறது என்றால் சம்பளம் அப்போதுதான் வருகிறது. சரக்கு தேங்கியதால் அல்ல. தேங்கிய சரக்குக்கு ஆஃபர் வருவது வேறு நேரத்தில், அதில் காலாவதித் தேதி நெருங்கியிருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் நல்ல லாபம்கூடக் கிடைக்கும், அந்த மாதமே தீர்த்துவிடுகிற பொருளாக இருந்தால்.

எங்களைப் போன்ற கடைக்கும் கம்பெனியிடமிருந்து ஸ்கீம் வருவது உண்டு, ஒரு டஜன் எடுத்தால் ஒன்று சும்மா என்கிற மாதிரி. மாதா மாதம் லிஸ்ட் கொடுத்து வாங்குபவர் வாய் விட்டுக் கேட்டால் எம்ஆர்பியில் குறைத்துத்தான் போடுவோம். கேட்பதில்லை, அதுதான் விஷயம். ஏசிக் கடைக்குப் போய்க் கேரி பேக்குக்கும் காசு கொடுத்துவிட்டு வருகிறவர்கள் எங்களிடம் வந்து கால் கிலோ கடுகுக்குப் பேரம் பேசுவார்கள்.

லால்குடி_அத்தை

அண்ணாச்சி கடையில் கடனும் கிடைக்கும், வட்டியும் கிடையாது. இருபதாம் தேதிக்கு மேல் அதுதான் எங்களுக்குப் பெரிய ஆஃபர்.

சேலம்_சமையல்

நோட்டீஸில் வருகிற ஆஃபரைவிடப் பெரிய ஆஃபர் சீசன்தான், அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

புளியை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தை கடைசி, மாசியிலேயே உலுக்க ஆரம்பித்துவிடுவார்கள், பங்குனி சித்திரையில் சந்தைக்கு வந்து குவியும். வருடப் புளியை எங்கள் வீட்டில் அப்போதே வாங்கிவிடுவோம். கொட்டையோடு வாங்கினால் இன்னும் மலிவு, கொட்டை எடுக்கும் வேலை நம் தலையில். நன்றாக வெயிலில் காயவைத்து, நார் எடுத்து, கல் உப்பு தூவி அடுக்கடுக்காக ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த வருடம் வரை ஒன்றும் ஆகாது. புதுப் புளி நிறம் வெளுப்பாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள், நாள் ஆக ஆகக் கறுக்கும். ரசத்துக்குப் புதுசுதான் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி, வத்தக்குழம்புக்குப் பழசு.

மிளகாய் வத்தலும் அப்படித்தான். ராமநாதபுரம் முண்டு மாசியிலிருந்து வர ஆரம்பிக்கும் (2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது). குழம்புத்தூளை வெயில் காலத்தில் சாமான் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்து வைத்துக்கொண்டால், பாக்கெட் மசாலாவின் '2 வாங்கினால் 1 இலவசம்' எல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியாது. மஞ்சளும் புதுசு அதே சமயத்தில்தான் வரும், ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துவரை வடக்கே கர்நாடகா, மகாராஷ்டிரா பக்கம் மார்கழி, தையில் அறுப்பு. டெல்டா உளுந்து நெல்லுக்குப் பின்னால் விதைத்தது, பங்குனியில் வரும். அந்தந்த நேரத்தில் மூன்று மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். பருப்பு விலை இறக்குமதியைப் பொறுத்தும் ஆடும், அதனால் வருடத்துக்கும் வாங்கிக் குவிப்பது சூதாட்டம்.

எங்கள் ஊர் லீ பஜார் மாதிரி மொத்தக் கடைத்தெரு எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொண்டால் ஆட்டோ வாடகை போகவும் மிச்சம் நிற்கும்.

திருச்சி_மாடிவீடு

அக்கா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெயிலில் காயவைக்க மொட்டை மாடி வீட்டுக்காரம்மாவுடையது, அவர்கள் துணியே காயப்போட விடுவதில்லை. ஸ்டோர் ரூம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். மூட்டையாக வாங்கினால் வண்டு வந்துவிடுகிறது.

சேலம்_சமையல்

வண்டு பருப்பில் ஏற்கெனவே முட்டையாக இருக்கும், நம் வீட்டில் வந்து பிறப்பதில்லை. வாங்கி வந்ததும் வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள், மேலே நாலு காய்ந்த மிளகாய். ஆறாமல் மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஃபிரிட்ஜில் இடம் இருந்தால் ரவை, மைதா, கோதுமை மாவை அதில் வைத்துவிடலாம். ஆனால் கோதுமை மாவை மட்டும் எந்த ஆஃபர் போட்டாலும் அந்தந்த மாதத்துக்குத்தான் வாங்க வேண்டும், இரண்டு மூன்று மாதத்தில் ஒரு காறல் வாடை வந்துவிடும்.

பில்_பார்ப்பவன்

அரிசி மூட்டை பற்றி ஒரு விஷயம். கடைகளில் 26 கிலோ மூட்டை பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டி அடைத்த அரிசி, பருப்பு 25 கிலோ வரைக்கும் 5% ஜிஎஸ்டி, அதற்கு மேல் கிடையாது. அதனால்தான் 25 கிலோ மூட்டை ஒரு கிலோ குண்டாகி 26 ஆனது. கடையில் 25, 26 இரண்டும் இருந்தால் கிலோ விலையை வகுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். கண் எதிரே அளந்து கொடுக்கும் சில்லறை அரிசிக்கும் வரி கிடையாது.

புதுக்கோட்டை_டீச்சர்

இவ்வளவு பேர் எழுதியும் ஒருவர்கூட ரேஷன் கடையைச் சொல்லவில்லையே, ஆச்சரியமாக இருக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், அரிசி 2011லிருந்து இலவசம். இதைவிடப் பெரிய ஆஃபரை எந்த ஆப் தரும்? நடுத்தர வர்க்கத்துக்கு அங்கே வரிசையில் நிற்கக் கூச்சம், அதற்குப் பதில் சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் அதே அரை மணி நேரம் நிற்பார்கள்.

அரிசி பிடிக்கவில்லை என்றால் இட்லி மாவுக்கு அரைத்துப் பாருங்கள், புழுங்கல் நன்றாகவே வரும். பாமாயில் வேண்டாம் என்பவர்கள் அப்பளம் பொரிக்கவாவது வைத்துக்கொள்ளலாம். பருப்பு மாதம் பிறந்து முதல் பாதியிலேயே தீர்ந்துபோகும், சில மாதம் தாமதமாகும், அதையும் சொல்லிவிடுகிறேன், சும்மா புகழ்வதற்கு இல்லை.

திருச்சி_மாடிவீடு

எங்களிடம் இருப்பது சர்க்கரை அட்டை மேடம். மாமியார் பெயரில் ஊரில் இருக்கிறது, சர்க்கரை வாங்கி வருவதோடு சரி.

புதுக்கோட்டை_டீச்சர்

சர்க்கரை அட்டைக்கு அரிசி கிடையாது, அதற்குப் பதில் சர்க்கரை கூடுதலாக உண்டு. பருப்பும் பாமாயிலும் கேட்டுப் பாருங்கள். முகவரி மாற்றம் ஆன்லைனிலேயே போடலாம்.

வாடகை_ரூம்

நான் பேச்சிலர், இரண்டு ரூம்மேட். எங்களுக்கு மாத லிஸ்ட் என்று எதுவும் கிடையாது, பத்து நிமிட டெலிவரிதான். முதல் ஆர்டருக்குப் பாதி விலை, வெங்காயம் ஒரு ரூபாய், அது இது என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. கூப்பன் மாற்றி மாற்றிப் போட்டால் கடைக்குப் போவதைவிட மலிவாகவே முடிகிறது. பெரியவர்கள் ஏன் அதைத் திட்டுகிறீர்கள் என்று புரியவில்லை.

பில்_பார்ப்பவன்

மேற்கோள்: *கடைக்குப் போவதைவிட மலிவாகவே முடிகிறது*

தம்பி, அடுத்த ஆர்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் பில்லை விரித்துப் பார். கையாளும் கட்டணம், டெலிவரி கட்டணம், கூடை சின்னதாக இருந்தால் அதற்கு ஒரு கட்டணம், மழை பெய்தால் இன்னொன்று. 120 ரூபாய்ச் சாமானுக்கு 35 ரூபாய் இப்படிப் போனால் ஒரு ரூபாய் வெங்காயம் எதற்கு? டெலிவரி இலவசமாக வேண்டும் என்று இன்னும் 80 ரூபாய்க்குச் சிப்ஸ் போட்டால் அண்ணாச்சிகடை தம்பி சொன்ன 999 கதைதான், ஏசி மட்டும் இல்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. நாம் தேர்ந்தெடுக்காத நன்கொடையையோ மெம்பர்ஷிப்பையோ தானாகக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசித் திரையில் மட்டும் காட்டுவது போன்ற 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடை செய்தது. அப்படி நடந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடு.

வாடகை_ரூம்

டெலிவரி கட்டணம் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மூன்று பேர் ஒரே ஆர்டராகப் போடுவதால் எங்களுக்கு அது விழுவதில்லை. கடைக்குப் போனால் பெட்ரோல், பார்க்கிங், வழியில் ஒரு டீ பஜ்ஜி. அந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லையே :)

பில்_பார்ப்பவன்

பஜ்ஜிக் கணக்கு நியாயம்தான்.

ஈரோட்டுக்காரன்

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று எல்லோரும் நம்புகிறார்கள், ஷாம்பூவில் அது அப்படியே தலைகீழ். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேயை மில்லிக்கு வகுத்துப் பாருங்கள், அதே பிராண்ட் பாட்டிலில் பாதி விலைகூட வராது. 'குடும்பத்துக்கான பெரிய பாட்டில் 30% தள்ளுபடி' போட்டாலும் சாஷேயை எட்டாது. சாஷே ஷாம்பூவைப் பரப்பியதே நம் கடலூர்க்காரர்கள்தான், கூலிக்குப் போகிறவர்களும் வாங்கட்டும் என்று. அதில் வந்த போட்டியில் விலை அங்கேயே நின்றுவிட்டது.

சேலம்_சமையல்

அத்தனை பிளாஸ்டிக் குப்பையை யார் அள்ளுவது?

ஈரோட்டுக்காரன்

அது உண்மைதான் அக்கா, கேள்வி காசு பற்றி என்பதால் சொன்னேன். சீயக்காய் அரைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம்.

சோப்பு, பேஸ்ட் பற்றியும் ஒன்று. 2025 செப்டம்பர் 22இல் குளியல் சோப்பு, ஷாம்பூ, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் 18இலிருந்து 5 சதவீத வரிக்கு வந்தன, நெய், வெண்ணெய் 12இலிருந்து 5. வரியோடு 118 ரூபாயாக இருந்த பொருள் 105க்கு வந்திருக்க வேண்டும், அதாவது 11% சொச்சம் இறங்க வேண்டும். அந்தச் சமயத்தில் சில கடைகளில் பழைய விலையை அடித்துவிட்டு '10% தீபாவளித் தள்ளுபடி' என்று போர்டு வைத்ததைப் பார்த்தேன். வரி குறைந்ததைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்! துணி சோப்புத்தூள் மட்டும் 18லேயே இருக்கிறது, அதனால் அதற்கு ஆஃபர் வந்தால் அது நிஜ ஆஃபராக இருக்க வாய்ப்பு அதிகம். கெட்டுப்போகாத பொருள், வந்தால் அள்ளிக்கொள்ளலாம்.

லால்குடி_அத்தை

காய்கறிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. திருச்சியில் இருந்துகொண்டு தென்னூர் உழவர் சந்தை பக்கம் போகாமல் என்ன ஆஃபர் தேடுகிறாய் பெண்ணே? 1999இல் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், பேரம் கிடையாது, எடை சரியாக இருக்கும். காலை ஆறரைக்குப் போனால் பொறுக்கி எடுக்கலாம், பத்து மணிக்குப் போனால் மீந்ததைக் கூறு கட்டித் தருவார்கள். கத்தரிக்காய் கூறில் நாலு சொத்தை இருக்கும்தான், வெட்டி எறிந்தாலும் லாபம். சூப்பர் மார்க்கெட்டின் புதன்கிழமை ஆஃபர் தக்காளி மேலே பளபளவென்று இருக்கும், வெள்ளிக்கிழமை பார்த்தால் ஃபிரிட்ஜில் தண்ணீர் விட்டிருக்கும்.

தக்காளி விலை ஏறினால் புளியை நாலு சுளை கூடப் போடு. 2023 ஆடியில் நூறைத் தாண்டி, அரசாங்கமே சென்னை ரேஷன் கடையில் கிலோ 60க்கு விற்றது ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதம் எங்கள் வீட்டில் தக்காளி இல்லாத குழம்புதான், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாங்காய்ப் பருவத்தில் மாங்காய், முருங்கை காய்த்துத் தள்ளும்போது முருங்கை. லிஸ்ட் எழுதிக்கொண்டு சந்தைக்குப் போகக் கூடாது, சந்தையைப் பார்த்துவிட்டு வந்து என்ன சமையல் என்று முடிவு செய்ய வேண்டும்.

திருச்சி_மாடிவீடு

ஆறரைக்கு எழுந்து போவது நான் இல்லை, வீட்டுக்காரரை அனுப்புகிறேன், ஆஃபர் பிடிக்கத்தானே அவருக்கு ஆசை. எல்லாருக்கும் நன்றி. இந்த மாத பில்லை வைத்துக்கொண்டு பில்_பார்ப்பவன் சொன்ன மாதிரிக் கிலோ விலையை எழுத ஆரம்பித்திருக்கிறேன். கடலை எண்ணெயும் காப்பித்தூளும்தான் பெரிய தொகை, அந்த இரண்டுக்கும் இதுவரை எந்த நோட்டீஸிலும் ஆஃபரே வந்ததில்லை!

அண்ணாச்சிகடை_பையன்

வராது அக்கா. காப்பித்தூளுக்கு ஆஃபர் போட்டால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 30, 40 என்று இருக்கும். கடலை எண்ணெய்க்கு மரச்செக்கு என்று எழுதி விலை குறைத்துத் தந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும், அன்றைய கடலை விலையை இரண்டால் பெருக்கினாலே அந்த எண்ணெய் என்ன விலைக்கு வர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

சேலம்_சமையல்

நிலக்கடலைப் பருப்பு என்று சொல்லுங்கள் தம்பி, அவர் பாட்டுக்குக் கடலைப் பருப்பு விலையைப் பெருக்கிக்கொண்டு இருக்கப் போகிறார்.